நீ அடித்துவிட்ட வரி

என் அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா என்னைவிட நலம், சமையலறையிலிருந்து வரும் பாத்திரச் சத்தத்தை வைத்துச் சொல்கிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, யாரிடமும் மனம் நோகாமல் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் எங்கள் இருவருக்கும் வருகிற முதல் நினைப்பு. இப்போது மேலே இருக்கிற வரிகளை இன்னொரு முறை பார். யாரையோ கெஞ்சி எழுதி வாங்கியது என்று நினைக்காதே. நான் எழுதியது, என் கையால். நாற்பத்தோரு வருஷம் அச்சகத்தில் வெட்டு மெஷினில் நின்று, ஊருக்கெல்லாம் புத்தகமும் நோட்டீஸும் வெட்டிக் கொடுத்துவிட்டு, அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாமல் ரிட்டயர் ஆனேனே, அதே ஆள்தான். செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தேன், இன்றைக்கு வியாழன், இன்னும் முதல் பத்தியில்தான் நிற்கிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் காகிதம் கோணல் இல்லை, ஓரத்தைத் தடவிப் பார், அது நான் வெட்டியது.

ஃபோனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை ஃபோனை உன் அம்மா வாங்கினால், அது என் கைக்கு வரும்போது சூடாகி, சார்ஜும் தீர்ந்து, நல்லா இருக்கீங்களாப்பா, நல்லா இருக்கேம்மா என்பதோடு முடிந்துவிடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. நான் சொல்ல வந்ததை ஃபோனில் ஆரம்பித்தால் நீ நடுவிலேயே பரவாயில்லப்பா என்று சொல்லி வெட்டிவிடுவாய். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது. அதனால் கையில் வேறு வேலை இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி. உனக்குத் தெரிந்த விஷயமும் இதில் வரும், கிழவன் பழைய கதை சொல்கிறான் என்று தாண்டிப் போய்விடாதே. எழுதும்போதுதான் எனக்கே ஒவ்வொன்றும் வரிசையாகப் புரிகிறது.

முதலில் சந்தோஷமான சேதி. நீ வேலை பார்த்த நூலகத்தின் பின்னறையில், பழைய பேப்பர் கட்டுகளை ஒதுக்கிவிட்டு, எட்டு மாதத்துக்கு முன்னால் பெரியவர்களுக்கு வகுப்பு ஆரம்பித்தார்கள். சாயங்காலம் ஆறு மணி. சொல்லித் தருகிற டீச்சர் பகலில் கூரியர் ஆபீஸ் கவுன்டரில் உட்காருகிற பெண், எங்களை அப்பா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே நாங்கள் அவள் பெற்ற பிள்ளைகள் மாதிரி திட்டுகிறாள். நீதான் போகும்போது பஸ் ஸ்டாண்டில் என் சட்டைப் பையில் ஒரு பேனாவைச் செருகி, படிக்கக் கத்துக்குங்கப்பா என்று சொன்னாய். அப்போது அது விளையாட்டு என்று நினைத்தேன். மூன்று வருஷம் அந்தப் பேனாவை உன் அம்மா பால் கணக்குக்குக் கோடு போட வைத்திருந்தாள். வகுப்பில் பதினான்கு பேர், இரண்டு பேருக்கு ஒரு புத்தகம், ஒருவர் வாசித்தால் மற்றவர் எழுத்துக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே வர வேண்டும். என் ஜோடி யார் தெரியுமா, கால்வாய்க்கு அந்தப் பக்கத்து டயர் கடைக்காரன், ஊரே பஞ்சர் என்று கூப்பிடுமே, அவன்தான். அவன் விரலில் உள்ள கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது. எங்கள் புத்தகத்தில் எதுவரை படித்தோம் என்று தேடவே வேண்டாம், கறுப்பு எங்கே நிற்கிறதோ அதுவரை படித்திருக்கிறோம். ஐந்தாவது மாதம் ஒரு நாள் பழைய அச்சகத்துக்குப் போனேன், டீ குடிக்க வழக்கமாக நான் சாய்ந்து நிற்கிற சுவரில் ஏதோ எழுதியிருந்தது, நாற்பத்தோரு வருஷமாகப் பார்த்த எழுத்துத்தான், அன்றைக்குக் கூட்டிப் படித்தேன், சுவரில் சாய்ந்து நிற்கக் கூடாது என்று இருந்தது. நான் சாய்ந்து நிற்பதை முதலாளி எத்தனை தடவை பார்த்திருப்பார், ஒரு நாள்கூட என்னிடம் சொன்னதில்லை. தனியாக நின்று சிரித்தேன். உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. நீ இல்லாத இடத்தில் சிரிப்பு வந்தால் அது பாதிதான் வருகிறது.

இனி மற்றது. நம் ஊரில் கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிற நாம் ஆதியிலிருந்தே இருந்தவர்கள், அந்தப் பக்கம் இருப்பவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் என்று யார் முதலில் பேச ஆரம்பித்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு நினைவு வரவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது அது வெறும் கால்வாய்தான். ஒரு தேர்தலில் மேடையில் சொன்னார்கள், அடுத்த தேர்தலில் டீக்கடையில் சொன்னோம், அதற்கடுத்து வீட்டுக்குள் வந்துவிட்டது. பஞ்சரிடம் ஒரு நாள், நீங்கள் எங்கிருந்துதான் வந்தீர்கள் என்று நிஜமாகவே கேட்டேன். நான் அரசு ஆஸ்பத்திரி ரெண்டாவது மாடியிலேர்ந்து வந்தேன்ண்ணே, நீங்க எந்த மாடி என்றான். அவன் அப்பா பிறந்ததும் இங்கேதானாம்.

நீ நூலக வாசலில் மாட்டி வைத்திருந்த கேள்விப் பலகை என் கண்ணிலேயே நிற்கிறது. நடுவில் ஒரு கோடு, இடது பக்கம் யார் வேண்டுமானாலும் கேள்வி எழுதிக் குத்தலாம், வலது பக்கம் அதற்குரிய ஆபீஸிலிருந்து பதில் வாங்கி நீ குத்துவாய். தெருவிளக்கு ஏன் எரியவில்லை, கவுன்சிலர் சொன்ன பாலம் எங்கே, கால்வாய்ப் பக்கம் மட்டும் ஏன் வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் என்று நீ வாசித்துச் சொல்வாய். இடது பக்கம் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும், வலது பக்கம் காலியாகக் கிடக்கும். எனக்கு அப்போது அது காகிதம் மட்டும்தான், எவ்வளவு கோணலாகக் கிழித்திருக்கிறார்கள் பார் என்று உன்னிடம் குறை சொன்னேன். பிறகு ஒரு நாள் பலகையை எடுத்துவிட்டார்கள், உனக்கு ஆபீஸிலிருந்து ஏதோ கடிதம் வந்தது, நீ வேலையை விட்டுவிட்டுத் தூரத்தில் வேறு வேலை கிடைத்திருக்கிறது, சம்பளமும் பரவாயில்லை என்று சொல்லிக் கிளம்பினாய். நான் நம்பினேன். நாலு வருஷமாக லீவு கிடைக்கவில்லை என்று சொல்கிறாய், அதையும் நம்பினேன்.

போன மாதம் டீச்சர், பாடப் புத்தகத்தையே எத்தனை நாள் படிப்பீர்கள், வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு காகிதம் கொண்டுவந்து சத்தமாக வாசியுங்கள் என்றாள். ஒருத்தர் மருந்துச் சீட்டு, ஒருத்தர் கரன்ட் பில், இஸ்திரி போடுகிற அம்மா ஒரு கல்யாணப் பத்திரிகை. நான் சும்மா எதையாவது கொண்டுபோவேனா, உன் பரண் பெட்டியை இறக்கித் தேடினேன். ஆபீஸ் முத்திரையோடு நீளமான ஒரு கவர் இருந்தது. உள்ளே இருந்த காகிதத்தில் கீழே வரிசையாகக் கட்டைவிரல் ரேகைகள், முதல் ரேகையைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, குறுக்கே ஒரு வெட்டு. மெஷினில் என் விரல் மாட்டியபோது விழுந்த தழும்பு அது, ஊரில் வேறு யாருக்கும் அப்படிக் கிடையாது. எனக்கு உடனே நினைவும் வந்தது. மைக் என்று சொல்வோமே, கவுன்சிலர் கூட்டத்தில் மைக் பிடித்துக்கொண்டே திரிவானே, அவன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, பெரியப்பா, குடிதண்ணி மனு, உங்க ரேகைதான் முதல்ல இருக்கணும், அப்பத்தான் மத்தவங்க வைப்பாங்க என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனான். நான் ஷேவிங் செய்துகொண்டிருந்தேன், ஒரு கன்னத்தில் சோப்போடு போய் வைத்தேன். முதல் ரேகை நான் என்று பெருமை வேறு. ஆக நான் கொடுத்த மனுவை நானே படிக்கப் போகிறேன் என்று அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

என் முறை வந்தது. எழுந்து நின்றேன், பஞ்சர் வழக்கம்போல எழுத்துக்குக் கீழே விரலை வைத்தான். நான் எப்படிப் படிப்பேன் என்றால் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, வார்த்தையைக் கூட்டி, அது சரியாக வந்ததா என்று டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போவேன். அர்த்தம் எனக்குப் பின்னால்தான் நடந்து வரும். ஐயா, எங்கள் பகுதி நூலகத்தில் பணிபுரியும் நூலகர் என்று வந்தது. நூலகர் என்ற வார்த்தையை ஒரே மூச்சில் சொன்னேன், உன் வேலை அல்லவா, எல்லாரும் கை தட்டினார்கள். கேள்விப் பலகை என்ற பெயரில் வந்தவர்களைத் தூண்டிவிட்டு என்று போனேன், தூண்டிவிட்டு கஷ்டமான வார்த்தை, இரண்டு தடவை தட்டுத் தடுமாறி மூன்றாவது தடவை பிடித்துவிட்டேன். இருந்தவர்களாகிய எங்களுக்கு எதிராக நடந்துவருவதால். அந்தப் பலகையை அகற்றி. அவரையும் இந்த இடத்திலிருந்து நீக்குமாறு. கேட்டுக்கொள்கிறோம். அச்சகத்தில் பெரிய தாளில் பக்கங்கள் தலைகீழாகவும் முன்னுக்குப் பின்னாகவும்தான் அச்சாகி வரும், பார்த்தால் ஒன்றும் புரியாது, மடித்தால்தான் ஒன்றுக்குப் பின் இரண்டு, இரண்டுக்குப் பின் மூன்று என்று வந்து உட்காரும். அன்றைக்கு நான் படித்ததும் கடைசி வார்த்தையில்தான் மடிந்தது. நான் தண்ணீர் கேட்கவில்லை மகளே. உன்னை வெளியே அனுப்பச் சொல்லி முதல் ஆளாக நான் கேட்டிருக்கிறேன்.

டீச்சர் கீழே பார்த்தாள். பஞ்சரின் விரல் கடைசி வார்த்தைக்குக் கீழே அப்படியே இருந்தது, அவன் எடுக்கவில்லை. “தப்பே இல்லாம படிச்சீங்கண்ணே” என்றான். அவன் குத்திக் காட்டவில்லை, நிஜமாகத்தான் சொன்னான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இஸ்திரி அம்மா எழுந்து வந்து காகிதத்தை வாங்கி, ரேகைகளின் பக்கத்தில் எழுதியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்து, ஒன்பதாவது இடத்தில் தன் பெயரைக் கண்டுபிடித்தாள். அவளிடம் ரேஷன் கார்டுக்கு என்று சொன்னார்களாம். எங்கள் பதினான்கு பேரில் ஐந்து பேருடைய ரேகை அதில் இருந்தது.

வீட்டுக்கு வந்து கவரை உதறினேன். இன்னொரு தாள் விழுந்தது, உன் கையெழுத்து. அச்சு எழுத்து மாதிரி இல்லை, நீ எழுத்துகளை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறாய், என்னால் படிக்க முடியவில்லை. இரண்டு நாள் தனியாகப் போராடிவிட்டு மூன்றாம் நாள் பஞ்சர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவனைத் தவிர வேறு யாரிடம் போவேன், எனக்கு அவன் விரலோடு படித்துத்தான் பழக்கம். கூச்சமாக இருந்தது. முதலில் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவன், தெரியும்ண்ணே, அந்த மனு நகலை அப்ப எங்க பக்கம் ஒட்டியிருந்தாங்க, எம்பொண்ணு அப்பவே படிச்சுச் சொல்லுச்சு, முதல் ரேகை யாருதுன்னு என்றான். தெரிந்துமா ஏழு மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று கேட்டேன். “வேற பெஞ்சுல இடம் இல்லியே” என்றான். அப்புறம் ஒரு டயரைத் தட்டிப் போட்டு உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, உன் தாளுக்குக் கீழே விரலை வைத்தான். ஓரத்தில் கறுப்பு பட்டுவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

அந்த மனுவின் நகலை அனுப்பி ஆபீஸில் உன்னிடம் விளக்கம் கேட்டதற்கு நீ எழுத ஆரம்பித்த பதில் அது. பாதியில் நிற்கிறது. மனுவில் உள்ளவர்களில் பலர் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் ரேகை வைத்தவர்கள் என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வரி, முதல் ரேகை என் தந்தையுடையது, அவருக்குப் படிக்கத் தெரியாது. அந்த வரியை மட்டும் குறுக்கே அடித்திருக்கிறாய். ஒரு கோடு இல்லை, மூன்று கோடு, பேனா தாளைக் கிழித்திருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. அந்தப் பதிலை நீ அனுப்பவே இல்லை என்றும், விசாரணைக்குக் கூப்பிட்டபோது ராஜினாமா கொடுத்துவிட்டாய் என்றும் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வந்தது. மூன்றாம் நாள், எம்பொண்ணை ஒரு கன்னத்து சோப்போட அனுப்பிட்டீங்க என்றாள், அவ்வளவுதான், அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் ஏமாந்தவன்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் மகளே, இப்போது உண்மையை எழுத வேண்டும், அதற்குத்தான் எழுதக் கற்றுக்கொண்டேன் போலிருக்கிறது. அந்த நாட்களில் நான் கூட்டத்தில் கேட்டதை வீட்டுக்கு வந்து சொல்வேன். இவங்க வந்தப்புறம்தான் ஊரு கெட்டுச்சு என்று சாப்பிடும்போது சொல்லியிருக்கிறேன். அவங்களுக்காக நீ ஏன் கேள்வி மாட்டறே, நமக்கு எதுக்கு வம்பு என்று உன்னிடமே சொல்லியிருக்கிறேன். நீ தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனது நினைவிருக்கிறது. ரேகையைப் பொய் சொல்லி வாங்கினார்கள். என் வாயை யாரும் பொய் சொல்லி வாங்கவில்லை, அது நானாகக் கொடுத்தது.

அடுத்த நாள் காலை நூலக வாசலுக்குப் போனேன். பலகை போய்விட்டது, ஆனால் அதை மாட்டியிருந்த இரண்டு ஆணியும் சுவரிலேயே இருக்கின்றன. அளவாக ஒரு தாள் வெட்டி, நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் எழுதினேன். தண்ணீர் மனு என்று சொல்லி என் ரேகையை வாங்கி, என் மகளை வேலையிலிருந்து நீக்க ஏன் பயன்படுத்தினீர்கள். இப்படிக்கு முதல் ரேகைக்காரன். எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆணியில் குத்திவிட்டு வந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் கிழித்திருந்தார்கள். மறுநாள் மறுபடி எழுதினேன், மறுபடி கிழித்தார்கள். இதுவரை பதினேழு தடவை ஆகிவிட்டது. டீச்சர் என் நோட்டைப் பார்த்து, கையெழுத்து எப்படிப்பா இவ்வளவு திருந்திச்சு என்று ஆச்சரியப்படுகிறாள். இப்போது அந்தக் கேள்வியை எட்டு நிமிஷத்தில் எழுதிவிடுகிறேன், இன்னும் கொஞ்ச நாள் கிழித்தார்கள் என்றால் பார்க்காமலே எழுதுவேன். பன்னிரண்டாவது நாள் போனபோது இன்னொரு ஆணியில் வேறொரு தாள் இருந்தது, கால்வாய்ப் பக்கம் விளக்கு எப்போது வரும் என்று கேட்டிருந்தது, ஓரத்தில் கறுப்பு. யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மைக் வீட்டுக்கு வந்தான். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினான். பெரியப்பா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம், யாரு எழுதித் தராங்க சொல்லுங்க, நாங்க பேசிக்கறோம் என்றான். எனக்குப் பயம் வரவில்லை, பெருமைதான் வந்தது. நான் எழுதியது என்று அவனால் நம்ப முடியவில்லை, அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது. நோட்டை எடுத்து அவன் முன்னாலேயே அந்தக் கேள்வியை முழுதாக எழுதிக் காட்டி, கிழித்து அவன் கையில் கொடுத்தேன், நீ நூலகம் வரைக்கும் நடந்து போய்க் கிழிக்க வேண்டாம், இங்கேயே கிழித்துக்கொள் என்று. அவன் கிழிக்கவில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். ஆனால் அடுத்த வாரம் நூலகப் பின்னறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள், ரிப்பேர் வேலையாம். உள்ளே ஒரு செங்கல்கூட நகரவில்லை. இப்போது வகுப்பு பஞ்சர் கடை வாசலில் நடக்கிறது, டயர்மேல் உட்கார்ந்து படிக்கிறோம், முதுகுக்குச் சாய்மானம் இல்லை, சாயக் கூடாது என்று எழுதிப் போடவும் சுவர் இல்லை. பதினான்கு பேர் ஒன்பது பேராகிவிட்டோம். வராதவர்களை நான் குறை சொல்லமாட்டேன், ஒருவருடைய மகனுக்குக் கவுன்சிலர் வாங்கிக் கொடுத்த வேலை, ஒருவருக்குக் கால்வாயைத் தாண்டுவதற்கே இன்னும் மனம் வரவில்லை. நானும் அப்படி இருந்தவன்தானே.

ரேகை வைத்த ஐந்து பேரில் மூன்று பேர், நான், இஸ்திரி அம்மா, வாட்ச்மேன் வேலை பார்க்கிறவர், சேர்ந்து ஒரு மனு எழுதினோம். நான்கு வருஷத்துக்கு முன் கொடுத்த மனுவில் இருக்கிற எங்கள் ரேகைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், அதில் எழுதியிருந்தது எங்களுக்குச் சொல்லப்படவில்லை, நூலகர் எந்தத் தவறும் செய்யவில்லை, கேள்வி கேட்கிற இடம் ஊருக்கு வேண்டும். மூன்று கையெழுத்து. ஆபீஸில் கிளார்க் அதை வாங்காமல், வைத்த ரேகையைத் திருப்பிக் கொடுக்க விதி இல்லை பெரியவரே என்றார். சரி, அதை அப்படியே எழுதிக் கொடுங்கள், நான் படித்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு வாங்கி முத்திரை போட்டு நகல் கொடுத்தார். நகலையும் உன் பெட்டியில் இருந்த கவரையும் இதோடு வைத்திருக்கிறேன். இதனால் உன் வேலை திரும்பி வரும் என்று நான் எழுதவில்லை, அப்படி ஆசை காட்டமாட்டேன். அந்தக் கவரில் என் ரேகை இருந்த தாள் மட்டும் இருக்கக் கூடாது, என் கையெழுத்து இருக்கிற தாளும் பக்கத்தில் இருக்கட்டும் என்றுதான்.

வீட்டு விஷயம் எழுத மறந்துவிட்டேன். உன் அறை ஜன்னல் கொக்கியை மாற்றிவிட்டேன், இனி காற்றுக்கு அடிக்காது. டேபிள் ஃபேனை உன் அம்மா இன்னும் நீ உட்காரும் பக்கம் பார்த்துத்தான் வைக்கிறாள், நாங்கள் இரண்டு பேரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அந்த நாற்காலி மட்டும் ஜோராகக் காற்று வாங்குகிறது. ஆறரை மணிக்கு நீ நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்து கேட்டைத் திறக்கும் சத்தம் எனக்குக் காதில் பழகிப்போய்விட்டது, யார் கேட்டைத் திறந்தாலும் தலையைத் தூக்கிவிடுகிறேன், உன் அம்மா பார்த்துவிட்டு, பால்காரர்தான் என்கிறாள். முன்பு உன் நினைவு வந்தால் ஃபோட்டோவைப் பார்ப்பேன். இப்போது உன் அலமாரியில் இருக்கிற புத்தகங்களில் நீ ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருப்பதைத் தேடித் தேடிப் படிக்கிறேன். ஒரு புத்தகத்தில் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். எதை என்று அந்தப் பக்கம் முழுவதும் படித்துப் பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை. நீ வரும்போது சொல்.

இனி நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். இந்தக் கடிதத்தின் கடைசித் தாளை எடுத்துப் பார். நடுவில் கோடு போட்டிருக்கிறேன். இடது பக்கம் என் கேள்வி இருக்கிறது, அந்த வரியை ஏன் அடித்தாய். விசாரணையில் நாலு பேர் நடுவில் உன் அப்பாவை நிற்க வைத்து, உனக்குப் படிக்கத் தெரியாதா என்று கேட்பார்கள், அந்த அவமானம் அப்பாவுக்கு வேண்டாம் என்று அடித்தாயா. இல்லை, நான் வீட்டில் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, இவர் தெரிந்தேதான் வைத்தாரோ என்று உனக்கே சந்தேகம் வந்து அடித்தாயா. இரண்டில் எது என்று தெரியாமல் இந்த ஒரு மாதமாக எனக்கு எழுத்துக் கூட்டவே ஓடவில்லை. முதலாவது என்றால் நாலு வருஷமாக நீ என்னைத் தூக்கிச் சுமந்திருக்கிறாய், இறக்கி வை, நான் இப்போது நிற்பேன், எங்கே வேண்டுமானாலும் வந்து நின்று சொல்வேன். இரண்டாவது என்றாலும் எழுது, என் மனம் நோகும் என்று மாற்றி எழுதாதே, படித்துக்கொள்கிறேன். வலது பக்கம் உனக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை போதும். எழுத மனம் வரவில்லை என்றால் அப்படியே மடித்தாவது திருப்பி அனுப்பு, உன் கை பட்ட தாள் என்று வைத்துக்கொள்வேன். அச்சு மாதிரி பிரித்துப் பிரித்து எழுது, கோத்து எழுதினால் நான் மறுபடி டயர் கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

குளிர் நாட்களில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. எந்தக் காகிதம் நீட்டினாலும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, இதை உனக்கு நான் சொல்வது வேடிக்கைதான், சிரித்துக்கொள். லீவு கிடைக்கிறதோ இல்லையோ, கேட்டுப் பார்த்தேன் என்றாவது சொல். நீ நீண்ட ஆயுளோடு, கேட்க நினைத்ததைப் பயமில்லாமல் கேட்கிற இடத்தில், நிறைவாக இருக்க வேண்டும், அது இந்த ஊராகவே இருந்தால் எங்களுக்கு வேறு ஆசை இல்லை.

இப்படிக்கு,
தன் கையெழுத்தைத் தானே போடும்
உன் அப்பா

கீழே உள்ள கட்டைவிரல் ரேகை உன் அம்மாவுடையது. கையெழுத்துக்குப் பதில் அவளையும் இதை வைக்கச் சொல்லிக் கேட்டேன். என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் படிங்க, அப்புறம் பாக்கலாம் என்றாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டினேன், இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஃபேன் விஷயத்தை ஏன் எழுதினீர்கள் என்று மட்டும் கேட்டாள். பிறகுதான் வைத்தாள்.